மிஷ்காவின் பேரில் எழுதிய கூடம்

பெரெக்சாஸ் ஊரில் வெள்ளை மான் விடுதி தெரியாது என்று ஒருவன் சொன்னால், அவன் நேற்றுத்தான் ரயிலில் வந்து இறங்கியிருக்க வேண்டும். முன்பக்கம் மூன்று மாடி, தேய்ந்துபோன மரப்படிகள், பேரரசரின் தம்பி ஒரு ராத்திரி தங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் அறை. அந்தத் தம்பி தங்காத விடுதி எங்கள் பக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. மனிதர் ஆயுள் முழுக்கப் படுத்தே கிடந்திருப்பார் போல. முற்றத்தைத் தாண்டிப் பின்னால் போனால், பழைய குதிரை லாயத்தை இடித்துக் கட்டிய நீளமான கூடம் வரும். அதுதான் ஹென்யாவின் சாப்பாட்டுக் கூடம்.

முன்னறையில் வெள்ளைத் துணி விரித்த மேஜைகளில், எங்களுக்கு ஆகாத பன்றி வறுவல் சாப்பிடுகிறவர்கள். பின்னால் ஹென்யாவிடம், தொப்பியைக் கழற்றாமல் சாப்பிடுகிற எங்கள் யூத ஆட்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே கிணறு, ஒரே விறகுக் கொட்டகை, ஒரே மிஷ்கா. மிஷ்கா விடுதியின் எடுபிடி, கிறிஸ்தவன். பெட்டி தூக்குவான், விறகு பிளப்பான், குளிர்காலத்தில் சனிக்கிழமை ஓய்வுநாள் அன்று எங்கள் கை நெருப்பைத் தொடக்கூடாது என்பதால் அவனாகவே வந்து கூடத்தின் கணப்பை மூட்டிவிட்டுப் போவான். எங்கள் பாஷையை எங்களைவிட வேகமாகப் பேசுவான். திட்டும்போது இன்னும் வேகம்.

ஹென்யா குள்ளம். தடித்த முன்கை. தலைத்துணியை நெற்றி வரைக்கும் இழுத்துக் கட்டியிருப்பாள். நாக்கு மட்டும் கட்டுக்கடங்காது. மர வியாபாரி ஒருவர் ஒருநாள், “மீன் புதுசாம்மா?” என்று கேட்டுவிட்டார். “உங்களவிடப் புதுசு, உக்காருங்க,” என்றாள். அவர் உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். எங்கள் மதகுருவான ரபி, சாப்பாடு சுத்தம் என்று கொடுத்த சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது, ஆனால் அதை யாரும் படித்ததில்லை. வாசலில் ஹென்யா நிற்கிறாளா என்று பார்ப்பார்கள். நின்றால் உள்ளே போய்க் கை கழுவுவார்கள். இறைச்சியும் பாலும் எங்களுக்குச் சேரக்கூடாது. ஒருமுறை இறைச்சிச் சூப்பில் ஒரு சொட்டுப் பால் விழுந்ததோ என்னவோ என்று ஒரு சந்தேகம், வெறும் சந்தேகம்தான். அண்டாவோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள். அன்றைக்கு வந்தவர்களுக்கு ரொட்டியும் வெங்காயமும்தான். வைதுகொண்டே தின்றார்கள், மறுநாள் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அவள் அந்த ஊரிலேயே பிறந்தவள். மேலத் தெருவைத் தாண்டி அவள் அதிகம் போனதுகூடக் கிடையாது. கணவன் உஷர்தான் மலைக்கு அந்தப் பக்கம், காலிசியாவிலிருந்து வந்தவன். ஒரு மூட்டையும் நாலு கத்தியுமாக நடந்தே வந்து, விடுதியின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்து, சமையலைத் தொடங்கியவன். வாத்துக் கழுத்தில் மாவு அடைத்துப் பொரிப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி வந்து போய்ச் சேர்ந்தான். பிள்ளைகுட்டி இல்லை. ஹென்யா ஏழு நாள் தரையில் உட்கார்ந்து துக்கம் கொண்டாடினாள், எட்டாம் நாள் அடுப்படிக்கு வந்து உப்பு ஏன் இவ்வளவு என்று சத்தம் போட்டாள். கூடம் நடந்தது.

இனி மிஷ்காவுக்கும் அவளுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கலைச் சொல்ல வேண்டும். பஸ்கா பண்டிகையின்போது புளிப்பேறக்கூடிய எதுவும் எங்கள் வீட்டில் இருக்கக்கூடாது. மாவு, பார்லி, பீர், சாராயம் எதுவும். சின்ன வீடு என்றால் தின்று தீர்த்துவிடலாம். சாப்பாட்டுக் கூடத்தின் மாவு மூட்டைகளை என்ன செய்வது? அதற்குத்தான் விற்பது என்று ஒரு வழி. எங்கள் மதம் இல்லாத ஒருவனுக்கு அத்தனையையும் விற்றுச் சரக்கறைச் சாவியை அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். பண்டிகை முடிந்ததும் அவன் திரும்ப விற்றுவிடுவான். விளையாட்டு இல்லை, உண்மையான விற்பனை. அந்த எட்டு நாளும் அவன்தான் சொந்தக்காரன். உள்ளே வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனால், ஏண்டா என்று கேட்க எங்களுக்கு வாயில்லை.

வருஷா வருஷம் ஹென்யா விற்றது மிஷ்காவுக்குத்தான். ரபியின் அறையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். எட்டு நாள் கழித்துச் சாவியைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பான், ஹென்யா ஒரு புட்டி பிளம் சாராயம் கொடுப்பாள். பஞ்சம் வந்த வருஷத்திலும் அப்படித்தான். மலைக் கிராமங்களில் ஜனங்கள் மரப்பட்டையை இடித்துத் தின்ற வருஷம் அது. மிஷ்கா அன்றைக்கும் சாவியைக் கொண்டுவந்து வைத்தான். சரக்கறையில் ஒரு பிடி மாவு குறையவில்லை. இந்தக் கதையை ஹென்யா சொல்லாத ஆள் ஊரில் இல்லை. “மனுஷன்னா மிஷ்காதான். சட்டைப் பையில சாவி, வீட்ல பஞ்சம். தொடல பாருங்க,” என்பாள். சொல்லும்போது அவள் குரல் தழுதழுக்கும். நிஜமாகவே நெகிழ்ந்துதான் சொன்னாள், அதில் பொய் இல்லை.

ஆட்சி கைமாறி ஹங்கேரிக்காரர்கள் திரும்ப வந்த பிறகு ஒவ்வொரு சட்டமாக வந்தது. முதலில் அலுவலகங்களிலிருந்து எங்கள் ஆட்களை எடுத்தார்கள். பிறகு சாராயக் கடை லைசென்ஸ். பிறகு சாப்பாட்டுக் கடை லைசென்ஸ். யூதர் பேரில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். சட்டத்தைப் போட்டவனுக்கே அதில் ஓட்டை இருப்பது தெரியும். கடையைக் கிறிஸ்தவன் ஒருவன் பேருக்கு மாற்றிவிட்டு, யூதன் பின்னால் நின்று நடத்தலாம். ஊரில் பாதிக் கடைகள் அப்படித்தான் நடந்தன. போர்டில் ஒரு பேர், கல்லாவில் ஒரு முகம்.

எல்லோரும் ஆள் தேடி அலைந்தார்கள். ஹென்யா தேடவில்லை.

“எதுக்குத் தேடணும்? நம்ம மிஷ்கா இருக்கானே. இருபது வருஷமா அவனுக்கு வித்துக்கிட்டுத்தானே இருக்கேன். ஒரு தடவையாவது திருப்பிக் கொடுக்காம இருந்தானா?”

கூடத்தின் மூலையில் உட்கார்ந்து முட்டையில் ரத்தப்புள்ளி பார்ப்பதும் கீரையில் பூச்சி பார்ப்பதுமே வேலையாக இருந்த கண்காணிப்பாளர் ரெப் கோப்பல்கூடத் தலையாட்டினார். “சரியாத்தான் சொல்றம்மா,” என்றார். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். எட்டு நாள் விற்பனைக்கும் முத்திரைத்தாள் விற்பனைக்கும் வித்தியாசம் உண்டு என்று ஒரு சின்னக் குழந்தை சொல்லிவிடும். ஆனால் எங்களுக்கு எட்டு நாள் விற்பனைதான் பெரிய விற்பனை. கடவுள் சாட்சி. முத்திரைத்தாளுக்குச் சாட்சி ஒரு குமாஸ்தா.

பனிக்காலத்தில் பத்திரம் பதிவாயிற்று. மிஷ்கா நல்ல கோட்டு ஒன்று இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கையெழுத்துப் போட எடுத்த பேனாவைத் திரும்ப மேஜையில் வைத்தான்.

“இது எதுக்கு முதலாளியம்மா, எனக்குப் பயமா இருக்கு,” என்றான்.

“பயப்படாத. உன் பேரு மட்டும்தான். மத்ததெல்லாம் அப்படியேதான்.”

“அப்படியேதாங்க,” என்றான் அவனும்.

கொஞ்ச நாள் அப்படியேதான் இருந்தது. பிறகு ஒருநாள் மிஷ்கா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்துக்குள் வந்து, ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தான். அவன் அங்கே உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஹென்யா சிரித்துக்கொண்டே ஒரு தட்டு சூப் வைத்தாள். மறுநாளும் வந்தான். அடுத்த வாரம் அவனுக்காக அந்த மேஜையைக் காலியாக விட வேண்டியதாயிற்று. வெளியூர்க்காரர் ஒருவர் தெரியாமல் அதில் உட்கார்ந்தபோது மிஷ்கா ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தான். அவர் எழுந்துவிட்டார்.

அப்புறம் வாடிக்கையாளர்கள் முன்னால் ஹென்யா அவனை “மிஷ்கா” என்று கூப்பிட்டதற்கு, தனியாக வந்து மெதுவாகச் சொன்னான்: “ஆளுங்க முன்னால, பத்திரத்துல இருக்கிற மாதிரி மிஹாய் ஐயான்னு கூப்பிடுங்க. அதிகாரிங்க யாராவது கேட்டா சந்தேகம் வரும். உங்க நல்லதுக்குத்தான்.” நியாயம்தானே என்று அவளும் கூப்பிட்டாள். கூப்பிடும்போது நாக்கு ஒருமுறை தடுமாறியது. நாலு முறைக்குப் பிறகு தடுமாறவில்லை.

பஸ்கா வந்தது. வழக்கம்போலச் சரக்கறையைக் கணக்கெடுத்துக்கொண்டு ஹென்யா அவனைத் தேடிப் போனாள். விறகுக் கொட்டகையில் அவன் இல்லை, ஜன்னலோர மேஜையில் இருந்தான்.

“நாளைக்கு ரபி வீட்டுக்கு வரணும். விக்கணும்ல,” என்றாள்.

மிஷ்கா யோசித்தான். வேண்டுமென்றே யோசிப்பது போலத் தெரியவில்லை.

“எதை விப்பீங்க?”

“என்ன கேள்வி இது? மாவு, பார்லி, சாராயம்...”

“அதெல்லாம் என்னோடதுதானே. இந்த வருஷம் நீங்க எனக்கு ஒண்ணும் விக்க வேண்டாம், முதலாளியம்மா. சிரமம் மிச்சம்.”

அவன் சிரித்தான். அவளும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்காமல் ரபியிடம் ஓடினாள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ரபி கேட்டார். அவன் சொல்வது சரிதான், சட்டப்படி அவளிடம் விற்பதற்கு ஒன்றும் இல்லை, விற்காமலே பண்டிகை கொண்டாடலாம் என்றார். அந்த வருஷம் பஸ்காவுக்கு அவள், கையில் ஒரு பிடி புளிப்புகூட இல்லாமல் சுத்தமாக இருந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக அவள் இருந்ததே இல்லை.

பண்டிகை முடிந்ததும் சாவி வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ரெப் கோப்பலை நிறுத்தினான். “சும்மா உக்காந்து பானையை முறைச்சுப் பாக்கிறதுக்கு ஒருத்தருக்குச் சோறா?” என்றான். அடுப்படியில் அவனுடைய கொழுந்தியாள் வந்து சேர்ந்தாள். நல்ல பெண்தான், சொன்னதைச் செய்வாள். ஆனால் யார் சொன்னதை? ஹென்யா கரண்டியைத் தொடப் போனால் மிஷ்கா குறுக்கே வந்து நிற்பான்.

“உன் இடம் வாசல். நீ வாசல்ல நின்னாத்தான் கூட்டம் வருது. இங்க வேக்காட்டுல நின்னு எதுக்குக் கஷ்டப்படற?”

எப்போது ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது என்று அவளுக்கு நினைவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமையாக இருக்கலாம். அவமானமாக இருந்தது. அதைவிட, யாரிடம் சொல்வது என்று தெரியாதது அதிக அவமானம். இருபது வருஷமாக ஊர் முழுக்க அவனுக்கு நற்சான்று கொடுத்தவள் அவள்தானே.

அடுப்பை மட்டும் அவள் கையால்தான் பற்றவைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். விட்டுக்கொடுத்தான். வெள்ளிக்கிழமைகளில் பீன்ஸும் பார்லியும் புகையிட்ட வாத்தும் போட்ட ஷோலெட் பானைகளை அடுப்புக்குள் தள்ளி, வாயைக் களிமண்ணால் பூசி மூடுவதும் அவள்தான். மறுநாள் மத்தியானம் வரை உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். ஓய்வுநாளில் யாரும் சமைக்கக்கூடாது, சூடாக ஒரு வாய் கிடைப்பதென்றால் அந்தப் பானையில்தான். பானைக்குள் போகும் சாமானை மட்டும் இப்போது கொழுந்தியாள் போட்டாள்.

ஜூலை மாதம் சேவல் இறகுத் தொப்பிக்காரர்கள் வந்தார்கள். அந்த ஹங்கேரிக் காவலர்களில் ஒரு கூட்டம் வெள்ளை மானில்தான் தங்கியது, முன்பக்கம் மாடியில். பகல் முழுக்கத் தெருத் தெருவாகப் போய் எங்கள் ஆட்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். அப்பன் எங்கே பிறந்தான், புருஷன் எங்கே பிறந்தான், காகிதம் எங்கே. காகிதம் இல்லாதவர்களை லாரியில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிறார்கள், அங்கே வீடு கொடுக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. வீடு கிடைத்தவன் ஒருவன்கூட ஏன் ஒரு கடிதம் போடவில்லை என்று யாரும் சத்தமாகக் கேட்கவில்லை.

ஹென்யாவிடம் காகிதம் இல்லை. உஷர் பிறந்தபோது இரண்டு பக்கமும் ஒரே பேரரசு, பிறகு யார் யாரோ வந்து மலைமேல் கோடு போட்டார்கள். தான் எந்த நாட்டுக்காரன் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. சட்டமோ, புருஷன் எந்த ஊரோ பெண்டாட்டியும் அந்த ஊர்தான் என்றது. மேலத் தெருவைத் தாண்டாதவள் காலிசியாக்காரி ஆகிவிட்டாள். முதல் லாரி போன அன்றே அவள் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்துக்கொண்டாள். யார் கேட்டாலும் உஷர் இந்த ஊர்தான். தலை துவட்டும்போதும் துணி மடிக்கும்போதும் அதைச் சொல்லிப் பார்த்தாள். உயிர் போகும் இடத்தில் பொய் பாவமில்லை என்று அவளுக்குத் தெரியும். உஷர் எங்கிருந்து வந்தான் என்பது விடுதியில் ஒரே ஒருவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். மலையிறங்கி வந்தவனின் மூட்டையை வாங்கி உள்ளே வைத்ததே மிஷ்காதான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை. பானைகளை உள்ளே தள்ளி, அடுப்பு வாயைப் பூசி முடித்தாயிற்று. ஓய்வுநாள் தொடங்கும் அந்திக்கு விளக்கேற்ற இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. கைவிரல் வெடித்திருந்ததால் ஒரு துளி வாத்துக் கொழுப்பு எடுத்துத் தடவிக்கொள்ளலாம் என்று சரக்கறைக்குப் போனாள். கொழுப்பு வைக்கும் மண்ஜாடியில் விரலை விட்டாள். விரல் இறங்கவில்லை.

வாத்துக் கொழுப்பு இந்த வெயிலுக்கு எண்ணெய் மாதிரி தளதளவென்று கிடக்கும், மஞ்சளாக இருக்கும். இது வெள்ளையாக, கெட்டியாக நின்றது. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்தாள். முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து இத்தனை வருஷமாகக் காற்றில் வந்துகொண்டிருந்த வாசனை. ஓங்கரித்துக்கொண்டு வந்தது.

மிஷ்கா பின்னாலேயே வந்து நின்றான். மறைக்க முயலவில்லை.

“வாத்து எங்க கிடைக்குது? பட்டாளத்துக்காரன் எல்லாத்தையும் வாங்கிட்டுப் போறான். கொஞ்சம்தான் கலந்திருக்கு.”

“பன்னிக் கொழுப்பு! என் பானையில!”

“என் பானை,” என்றான். கோபமே இல்லாமல் சொன்னான்.

“எத்தனை நாளா?”

“அதத் தெரிஞ்சு என்ன பண்ணப்போற? தின்னாங்க, நல்லாயிருக்குன்னு சொன்னாங்க. உன் வாட்ச் கடை லிப்பா ரெண்டாவது தட்டு கேட்டாரு.”

“நாளைக்கு அத்தனை பேரும் வருவாங்க மிஷ்கா. என்னை நம்பி வருவாங்க.”

“வரட்டும். நீ வாசல்ல நில்லு, போதும். அவங்களுக்குத் தெரியாது. தெரியாம தின்னா பாவம் இல்லன்னு உங்க ரபியே சொல்வாரு.”

அவள் ஜாடியைத் தூக்கிக் கீழே போடப் போனாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டான். முரட்டுத்தனமாக இல்லை. பிடித்துக்கொண்டே, வெகுநாளாக உள்ளே வைத்திருந்ததைச் சொன்னான்.

“பஞ்சம் வந்த வருஷம் ஞாபகம் இருக்கா? ஊர் முழுக்கச் சொல்வியே. எட்டு நாளும் என் பசங்க சுருண்டு கிடந்தாங்க. சின்னது அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல. மாவு மூட்டை சாவி என் சட்டைப் பையில. என் மாவு. நீதான் வித்த, கடவுள் சாட்சியா வித்த. எடுத்தா நான் திருடன்னு நீ நெனப்பேன்னு எனக்குத் தெரியும். அதான் எடுக்கல. சாவியக் கொண்டாந்து வச்சேன். நீ ஒரு புட்டி சாராயம் கொடுத்த. வீட்ல பசங்க எப்படி இருக்காங்க மிஷ்கான்னு ஒரு வார்த்தை கேட்டியா?”

ஹென்யா கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. அவன் தொடவில்லை என்ற பெருமையிலேயே அவள் மனசு நிறைந்து போயிருந்தது. வெட்கத்தில் அவள் முகம் எரிந்தது. அதற்காகப் பானைக்குள் இருப்பது மாறிவிடாது என்றும் அவளுக்குத் தெரிந்தது.

“அப்பக் கேட்டிருக்கணும்,” என்றாள். “தப்புதான். ஆனா இதுக்கு அவங்க என்ன பண்ணாங்க? லிப்பா என்ன பண்ணாரு?”

மிஷ்கா கையை விட்டான். “நான் இருக்கிற வரைக்கும் உன் புருஷன் பொறந்த ஊரை யாரும் கேக்கமாட்டாங்க. மாடியில இருக்கிறவங்களுக்கு நான்தான் காப்பி கொண்டுபோறேன். வாசல்ல நில்லு ஹென்யா. அவ்வளவுதான் கேக்கறேன்.”

ஜாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் விளக்கேற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்ல வேண்டிய இடத்தில் கடவுளோடு சண்டை போட்டாள். சொன்னால் லாரி. சொல்லாவிட்டால், நம்பி உட்காருகிற ஒவ்வொரு வாயிலும் அவளே அள்ளிப் போட்டதாகும்.

மறுநாள் ஜெபக்கூடம் முடிந்து வந்தார்கள். ஊரில் பாதி ஆட்கள் போய்விட்டதால் கூட்டம் குறைவு. லிப்பா முன்னால், ரெப் கோப்பல் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால், ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ஓடிவந்து ஒளிந்திருந்த ஒரு குடும்பம் கடைசியில். மூன்று வேளையாகச் சரியாகச் சாப்பிடாத முகங்கள். அடுப்பு வாயைத் திறந்திருந்தார்கள், வாசனை முற்றம் வரைக்கும் வந்தது. பொய் சொல்ல என்ன இருக்கிறது, நல்ல வாசனைதான்.

ஹென்யா வாசலில்தான் நின்றாள். இரண்டு கையையும் நிலையில் வைத்துக் குறுக்கே நின்றாள்.

“உள்ள போகாதீங்க. பானையில பன்னிக் கொழுப்பு இருக்கு.”

லிப்பா சிரித்தார். அவள் நாக்கு அவருக்குப் பழக்கம். “இன்னிக்கு இது என்ன புதுக் கேலி? நகரும்மா, பசி.”

“கேலி இல்ல.”

அவள் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பை நிறுத்தினார். பின்னாலிருந்து ரெப் கோப்பலின் குரல் வந்தது. “எப்பலேருந்தும்மா?”

“தெரியல,” என்றாள். “உங்கள நிறுத்தினதுலேருந்தா இருக்கலாம். எனக்குத் தெரியல. நேத்துச் சாயங்காலம்தான் பாத்தேன். என்னைத் திட்டுங்க.”

பின்னோக்கி ஒவ்வொரு சாப்பாடாக எல்லோரும் நினைத்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரு பெண் ஓரமாகப் போய்க் குனிந்துகொண்டாள். வாந்தி வரவில்லை, வயிற்றில் ஒன்றும் இல்லை.

அப்போது லிப்பாவுக்குக் கோபம் வந்தது. மிஷ்கா மேல் இல்லை. அவள் மேல்.

“ஏன் சொன்ன? நேத்துத் தெரிஞ்சதுன்னா நேத்தே சொல்லியிருக்கணும், ஏதாவது ஆக்கியிருப்போம். இல்ல, சொல்லாமலே இருந்திருக்கணும்! பாவம் உனக்கு, சோறு எங்களுக்கு. இப்ப ரெண்டும் கெட்டுது. அந்தக் குழந்தைங்களப் பாரு. இன்னிக்கு எங்க போயி என்ன ஆக்குவாங்க?”

“வீட்ல ரொட்டி இருக்கு, தர்றேன்...”

“உன் வீட்டு ரொட்டியையா? இனிமே உன் வீட்டு ரொட்டியை யாரு தின்னப்போறா?”

அது அவளை அறைந்தது போலிருந்தது. ரெப் கோப்பல் ஏதோ சொல்ல வாயெடுத்தார், லிப்பா அவர் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொருவராக முற்றத்தைக் கடந்து போனார்கள். ஒளிந்திருந்த குடும்பத்தின் சின்னப்பெண் மட்டும் திரும்பித் திரும்பிப் பானையைப் பார்த்துக்கொண்டே போனது. அழுகையை அடக்க ஹென்யா தலைத்துணியின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

மிஷ்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தான். காலியான பெஞ்சுகளைப் பார்த்தான். சத்தம் போடவில்லை. அவன் முகத்தில் தெரிந்தது கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கொழுந்தியாளைக் கூப்பிட்டு, பானைகளை ஒவ்வொன்றாக முற்றத்தைத் தாண்டி முன்னறைக்குக் கொண்டுபோகச் சொன்னான். காவலர்கள் காலையில் எங்கோ போய்ச் சுற்றிவிட்டுப் பசியோடு திரும்பியிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஆள் வந்தது. சார்ஜண்ட் கூப்பிடுகிறார் என்றது.

முன்னறையில் அவள் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. சேவல் இறகுத் தொப்பிகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சார்ஜண்ட் பருத்த மனிதர், நெற்றியெல்லாம் வியர்வை, வாய் நிறையப் பீன்ஸ். அவர் சந்தோஷமாக இருந்தார்.

“நீயாம்மா ஆக்கினது? என் ஆயுசுல இப்படி ஒண்ணு தின்னதில்ல. எங்கம்மா செஞ்சதுகூட இவ்வளவு வராது. கூப்பிட்டு ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்.”

“சந்தோஷம் ஐயா.”

“பேரென்ன?”

“ஹென்யா.”

“புருஷன்?”

“தவறிட்டாரு. ரொம்ப வருஷம் ஆச்சு.”

“அடடா.” இன்னொரு கரண்டி அள்ளினார். “எந்த ஊர்க்காரரு?”

அதில் அவருக்கு எந்த உள்நோக்கமும் இல்லை. ஒரு வாரமாகக் காலையிலிருந்து மாலை வரை கேட்டுக் கேட்டு, வாய் பழகிப்போய் வந்த கேள்வி. பக்கத்தில் ரொட்டிக் கூடையோடு மிஷ்கா நின்றான். ஹென்யா அவனைப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தாள், பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் பதில் சொல்லத் தாமதித்தாள். சார்ஜண்ட் மிஷ்காவின் பக்கம் திரும்பினார்.

“உமக்குத் தெரியுமே, மிஹாய் ஐயா?”

“அவங்களையே கேளுங்க,” என்றான் மிஷ்கா. “எங்க முதலாளியம்மா பொய் சொல்லமாட்டாங்க. இன்னிக்கு மத்தியானம் ஊரே பாத்துச்சு.”

எத்தனை மாதத்துக்குப் பிறகு முதலாளியம்மா. பதில் தயாராக இருந்தது, எத்தனை தரம் சொல்லிப் பார்த்தது.

“இந்த ஊர்தாங்க. மேலத் தெரு. அவங்க அப்பாவும் இங்கதான்.”

குரல் நடுங்கவில்லை. சார்ஜண்ட் தலையாட்டினார். ரொட்டியைப் பிய்த்துத் தட்டின் ஓரத்தை வழித்தார். நம்பிவிட்டார். அந்த நிமிஷத்தில் ஹென்யாவுக்கு மூச்சு வந்தது.

மிஷ்கா ரொட்டிக் கூடையை மேஜையில் வைத்தான். அவன் கண்கள் அகலத் திறந்திருந்தன. வேண்டுமென்று அவளை மாட்டிவிட நினைத்துத்தான் சொன்னானா, அல்லது மனசு பொங்கி வாய் தவறி வந்துவிட்டதா என்று எங்கள் ஊரில் பிறகு ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள், பேசுவதற்கு ஆட்கள் மிச்சம் இருந்த வரைக்கும்.

“அட, பொய்யும் வருதே உங்களுக்கு!” என்றான். “இப்படி ஒண்ண மத்தியானம் வாசல்லயே சொல்லியிருக்கக் கூடாதா, முதலாளியம்மா? நாம ரெண்டு பேருமே பொழச்சிருப்போமே.”

சார்ஜண்ட் கரண்டியைக் கீழே வைத்தார். முதலில் மிஷ்காவைப் பார்த்தார், பிறகு அவளை.

“எந்த ஊருன்னு இன்னொரு தடவை சொல்லு,” என்றார்.

அவள் அதையேதான் சொன்னாள். இந்தத் தடவை அவர் நம்பவில்லை.